சும்மா ஒரு சைக்கிள் பயணம்!

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "எதைப் பத்தி எழுதப் போறே?" என்று வகுப்பில் கேட்டார்கள். "சைக்கிளைப் பத்தி" என்றேன். ஒரே சிரிப்பு! "ஏன்டா, எலெக்ட்ரிக் கார், ரோபோன்னு ஆயிரம் தலைப்பு இருக்கு. மெக்கானிக்கல் மானத்தை வாங்காதே" என்றான் ஒருவன்.

சிரிக்கட்டும். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டுத் திண்ணையில் ஒரு சைக்கிள் துருப்பிடித்துக் கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படித்தபோது வரிசையில் நின்று வாங்கிய விலையில்லா சைக்கிள்தான் அது. 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு என்று தொடங்கிய திட்டம், பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்து நம் கைக்கு வந்தது. வாங்கிய அன்று பெல்லை அடித்துக் கொண்டே ஊரைச் சுற்றியவர்கள்தானே நாம்? பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த பிறகு அந்த சைக்கிளுக்கு என்ன ஆச்சு?

நம் கல்லூரித் தகரக் கொட்டகையின் முகப்பில் 'சைக்கிள் ஸ்டாண்டு' என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளே நிழலில் நிற்பவை எல்லாம் மோட்டார் பைக்குகள். சைக்கிள்கள் வெளியே வேப்ப மரத்தடியில் வெயில் காய்கின்றன. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 23. அதில் பெண்களுடையது இரண்டே இரண்டு.

இந்த 'இரண்டு' என்ற எண்ணை எங்கள் அம்மாயியிடம் சொன்னபோது, "நம்ம புதுக்கோட்டையிலயா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அம்மாயி கற்ற வித்தை

1991ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு தந்தார். வயலில் வேலை செய்தவர்கள், கல் குவாரியில் உழைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்களாம்.

எங்கள் அம்மாயியும் அவர்களில் ஒருவர். வாடகை சைக்கிள் எடுத்து, நிலா வெளிச்சத்தில் கண்மாய்க் கரையில் பழகினாராம். கேலி பேசாத ஆள் இல்லையாம். "தண்ணிக்குப் போறதுக்கும் ரேசன் கடைக்குப் போறதுக்கும் சைக்கிள் வந்துச்சு. ஆனா அதுக்காக மட்டும் கத்துக்கலடா. ஒருநாள் நாங்க அஞ்சு பொம்பளைங்க திருமயம் வரைக்கும் சும்மா போயிட்டு வந்தோம். கோட்டையப் பாத்தோம், கடலை வாங்கித் தின்னோம், திரும்பிட்டோம். அந்த ஒரு நாள் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கிது" என்றார்.

'சும்மா'! கவனித்தீர்களா நண்பர்களே? ஆண்கள் 'சும்மா' டீக்கடைக்குப் போவார்கள், 'சும்மா' ஊர் சுற்றுவார்கள். ஒரு கிராமத்துப் பெண் காரணம் எதுவும் சொல்லாமல், யாரையும் எதிர்பார்க்காமல், 20 கிலோமீட்டர் போய் ஒரு கோட்டையைப் பார்த்துவிட்டு வருவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா? என் கட்டுரையின் பொருளே இந்தச் 'சும்மா'தான்.

"இது சைக்கிளிஸ்ட் ரைடு, தம்பி!"

சென்ற ஆண்டு பக்கத்து நகரம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணம் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். 'யாரும் வரலாம்' என்று அறிவிப்பு. அந்த ஊரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு முதல் நாளே சைக்கிளோடு போய்த் தங்கி, விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நின்றேன். அங்கே நின்ற சைக்கிள்களைப் பார்த்ததும் மூச்சே நின்று போச்சு! ஒரு விரலால் தூக்கிவிடலாம் போல இருந்தன. ஒரு சைக்கிளின் விலையில் நம் வகுப்பு முழுக்க டிப்ளமா முடித்துவிடலாம்.

ஒருங்கிணைப்பாளர் என் சைக்கிளைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார். மட்கார்டைப் பார்த்தார். "தம்பி, இது சைக்கிளிஸ்ட் ரைடு. இந்த வண்டிய வச்சுக்கிட்டு எங்க வேகத்துக்கு வர முடியாது. வேணும்னா பின்னாடி மெதுவா வாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக் கொண்டுதான் சொன்னார். பத்து நிமிஷத்தில் எல்லாரும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். ஒரே ஒரு பெரியவர் மட்டும் எனக்காகப் பாலத்தருகே காத்திருந்து தண்ணீர் கொடுத்தார். அவருக்கு என் வணக்கம்.

அந்தக் குழுவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. விடியற்காலையில் எழுந்து வேர்க்க வேர்க்க மிதிப்பவர்கள் யாராக இருந்தாலும் நல்லதுதான். ஆனால் திரும்பும் வழியில் ஒன்று மனதை உறுத்தியது. அதே சாலையில் பால் கேன் கட்டியவர், கீரைக் கூடை வைத்தவர், கொத்து வேலைக்குப் போகிறவர் என்று பலர் மிதித்துக் கொண்டிருந்தார்கள். தினமும் மிதிக்கிறவர்கள். அவர்களை யாரும் 'சைக்கிளிஸ்ட்' என்று சொல்வதில்லையே! ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிதிக்கிறவருக்கு அந்தப் பட்டம். வாரம் முழுக்க மிதிக்கிறவர் வெறும் 'சைக்கிள்ல போற ஆளு'. இது என்ன நியாயம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

'இந்த வண்டியால முடியாது' என்ற வார்த்தை மட்டும் போகவே இல்லை. நாம் டிப்ளமா மாணவர்கள் ஆயிற்றே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் சைக்கிளில் முன் சக்கரப் பல் 44, பின்னால் ஃப்ரீவீலில் 18. டேப் வைத்து அளந்ததில் சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர். ஆக ஒரு மிதி மிதித்தால் வண்டி சுமார் 5.4 மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு 50 மிதி என்றால் மணிக்கு 16 கிலோமீட்டர்! 50 மிதி என்பது மூச்சு வாங்காமல் பேசிக் கொண்டே மிதிக்கிற வேகம்தான்.

எடை? நம் வண்டி ஏறத்தாழ 20 கிலோ, அவர்களுடையது 8 கிலோ. ஆனால் ஓட்டுகிற நான் 58 கிலோ. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் 15 சதவீதம்தான். மலையேற்றத்தில் அது தெரியும், நம் ஊர்ச் சமதளத்தில் அவ்வளவாகத் தெரியாது. டயரில் காற்று குறைந்திருப்பதும், செயின் எண்ணெய் காணாமல் கிடப்பதும்தான் நம்மை உண்மையில் இழுக்கிறது. அப்புறம் காற்றின் எதிர்ப்பு. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. முப்பதில் பறக்கிறவருக்குத்தான் லட்ச ரூபாய் வண்டி அவசியம். பதினாறில் ஊர் பார்க்கப் போகிறவனுக்கு எதற்கு?

இன்னொரு சேதி. பிரான்சில் 1891ல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற நெடும்பயணம் இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதே முறையில் 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பயணங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லாருக்கும் ஒரே மரியாதை. அங்கே கேட்கிற வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்தான், கியர் வண்டிதான் வேண்டும் என்ற விதியும் இல்லை. என் வண்டியின் வேகம் 16. கணக்குப்படி நானும் பாஸ்!

நாலு மெக்கானிக்கும் ஒரு செயினும்

தை மாத ஞாயிறு ஒன்றில் நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். நாலும் விலையில்லா சைக்கிள். புதுக்கோட்டை, சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை, திரும்பவும் புதுக்கோட்டை. மொத்தம் சுமார் 50 கிலோமீட்டர். பள்ளியில் வேனில் கூட்டிப் போனபோது பார்க்காத பலவற்றை அன்று பார்த்தோம். வேனில் போனால் பனி தெரியாது, பனங்காட்டு வாசனை வராது, ரோடு லேசாக ஏறுவதும் தெரியாது. சைக்கிளில் போனால் ஒவ்வொரு மேடும் முழங்காலுக்குத் தெரியும்!

சித்தன்னவாசல் வளைவுக்குச் சற்று முன்னால் என் செயின் அறுந்தது. நாலு பேரும் மெக்கானிக்கல். கையில் ஒரு ஸ்பேனர் கூட இல்லை! 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பாடத்தில் செயின் டிரைவுக்கு ஸ்கெட்ச் போட்டு மார்க் வாங்கியவர்கள், சாலையோரத்தில் அறுந்த செயினைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தோம்.

இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க ஒரு அண்ணன் வந்தார். இறங்கினார். ஒன்றும் பேசாமல் ஒரு கல்லைத் தேடி எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணி. கழன்ற கண்ணியின் பின்னைத் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார். ஐந்தே நிமிஷம்.

"எங்க தம்பி போறீங்க?"

"சும்மாண்ணே. சித்தன்னவாசல் பாத்துட்டு அப்படியே குடுமியான்மலைக்கு…"

"சும்மாவா?" என்று சிரித்தார். பிறகு வளைவைத் திரும்பிப் பார்த்தார். "இருபது வருசமா இந்த வழியாத்தான் பால் ஊத்தப் போறேன். ஒரு நாளைக்கு நாப்பது கிலோமீட்டர் மிதிப்பேன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு நா கூடப் போயிப் பாத்ததில்ல."

"இப்ப வாங்கண்ணே!" என்றோம்.

"பாலு திரிஞ்சு போகும் தம்பி." காலைத் தூக்கிப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்று ஏழடிப்பட்டத்தில் பாறையில் செதுக்கிய சமணர் படுக்கைகளைப் பார்த்தோம். அறிவர் கோயில் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக் குளத்தைப் பார்த்தோம். குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டைப் பார்த்தோம். எல்லாம் அழகுதான். ஆனால் என் மனசு அந்த வளைவிலேயே நின்றுவிட்டது.

நண்பன் கேட்ட கேள்வி

திங்கட்கிழமை வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்தேன். என் பெஞ்ச் நண்பன் பேசாமல் கேட்டான். அவன் தன் சைக்கிளை 1500 ரூபாய்க்கு விற்றவன். இப்போது பழைய பைக் ஒன்று, மாதத் தவணையில். கடைசியில் சொன்னான்:

"உனக்கு சைக்கிள் ஜாலிடா. எனக்கு அது வேலை. பிளஸ் டூ முழுக்கத் தெனமும் 28 கிலோமீட்டர் போக வர மிதிச்சேன். சாயங்காலம் கடையில மூட்டை தூக்குனேன். மிதிச்சு மிதிச்சு வெறுத்துப் போச்சு. ஞாயித்துக்கிழமையும் மிதிக்கணுமா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முழுதாகச் சொல்ல முடியாது. பைக் வாங்காதே என்று அவனிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தூரத்திலிருந்து வருகிறவனுக்கு பைக்கோ பஸ்ஸோ வேண்டும். 2021லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. அதுவும் நல்ல திட்டமே. இல்லாத காரணத்தால் மிதிப்பதை யாரும் 'உடற்பயிற்சி' என்று புகழ வேண்டாம்.

ஆனால் நண்பர்களே, ஒன்று கேட்கிறேன். ஓய்வும் ஊர் பார்க்கிற ஆசையும் வசதி உள்ளவனுக்கு மட்டும்தான் சொந்தமா? உழைக்கிறவனுக்குச் 'சும்மா' கிடையாதா?

மறுபடியும் அந்த வளைவில்

அந்தப் பால்கார அண்ணனை இரண்டாவது வாரம் அதே சாலையில் பார்த்துக் கேட்டோம். "மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலன்னா நானும் வர்றேன். சாயங்காலப் பாலுக்குத் தம்பிய அனுப்பிக்கிறேன்" என்றார். நாங்கள் காலைப் பயணத்தை மதியத்துக்கு மாற்றினோம். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை.

வந்தார். கேன் இல்லாத சைக்கிளில், கேரியரில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளோடு. எங்கள் பத்துப் பேரில் யாருமே அவரை முந்த முடியவில்லை! வளைவைத் தாண்டி உள்ளே போனோம். ஓவியத்தை அண்ணாந்து வெகு நேரம் பார்த்தார். "தாமரைக்கு நடுவுல மீனு, அன்னம், யானை… எம்மாம் பொறுமை!" என்றார். அந்தப் பிள்ளை, பூப்பறிக்கும் மனிதர்களைக் காட்டி அவருக்கே பாடம் நடத்தியது.

திரும்பும்போது அந்தப் பிள்ளை தானே ஓட்டுவேன் என்று அடம் பிடித்தது. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. பாருக்கு அடியில் காலை விட்டு, குரங்குப் பெடல் போட்டு, சாலையோரமாகக் கொஞ்ச தூரம் ஓட்டியது. எனக்கு எங்கள் அம்மாயி ஞாபகம் வந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. சைக்கிள் குழு என்றால் விலை உயர்ந்த வண்டியும் ஒரே மாதிரி பனியனும் அல்ல. யாருக்காக நேரத்தை மாற்றுகிறோம், யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதுதான் குழு. வேகமாகப் போகிறவர் முடிவு செய்தால் அது பந்தயம். மெதுவாக வருகிறவரை வைத்து முடிவு செய்தால்தான் அது பயணம்.

பேரவைக்கு என் கோரிக்கை

கட்டுரை எழுதிவிட்டுக் கைதட்டல் வாங்கிப் போக நான் வரவில்லை. நம் மாணவர் பேரவை வரும் ஆண்டில் நான்கு காரியம் செய்ய வேண்டும்.

ஒன்று: சைக்கிள் ஸ்டாண்டின் நிழலில் பாதியைச் சைக்கிளுக்கே திருப்பிக் கொடுங்கள். வெயிலில் டயர் வெடித்தால் மாற்றக் காசில்லாதவன்தான் அங்கே சைக்கிளை நிறுத்துகிறான்.

இரண்டு: ஒரு பம்பு, பஞ்சர் சொலூஷன், நாலு ஸ்பேனர் கொண்ட பெட்டி ஒன்று ஸ்டாண்டில் இருக்கட்டும். மெக்கானிக்கல் மாணவர்கள் முறை வைத்துப் பார்த்துக் கொள்கிறோம். ரிம்முக்குக் கோட்டம் எடுக்க ஊர் சைக்கிள் கடை மாஸ்டரை அழைத்து ஒரு சனிக்கிழமை கற்றுக் கொள்வோம். நம் ஒர்க் ஷாப்பில் இல்லாத பாடம் அவர் கையில் இருக்கிறது.

மூன்று: மாதம் ஒரு ஞாயிறு பயணம். நார்த்தாமலை, திருமயம், கொடும்பாளூர்… நம் மாவட்டத்தில் பார்க்க இடத்துக்கா பஞ்சம்? எந்த வண்டியும் வரலாம். வண்டி இல்லாதவர் டபுள்ஸில் வரலாம். நேரத்தை, வேலைக்குப் போகும் மாணவர்களிடம் கேட்டு வையுங்கள். லாரி பறக்கும் நான்கு வழிச் சாலை வேண்டாம், கிராமத்துச் சாலையே போதும். பின்னால் சிவப்பு ஒளிப்பான், தலைக்கு ஹெல்மெட், இருட்டுவதற்குள் வீடு. சித்திரை, வைகாசி வெயிலில் பயணம் கிடையாது.

நான்கு: தோழியர் வர வேண்டும். 'அவங்க வரமாட்டாங்க' என்று நாமே முடிவு செய்து கொள்கிறோம். சைக்கிளில் போகிற பெண்ணைப் பார்த்து ஹாரன் அடிப்பதும் கமெண்ட் அடிப்பதும் நம்மில் சிலர்தானே? முதலில் அதை நிறுத்துவோம். அம்மாயிகள் முப்பது வருஷத்துக்கு முன்னே திறந்த பாதையைப் பேரன்கள் அடைக்கலாமா?

சிலர் கேட்கலாம்: "அரியர் எழுதவே நேரமில்லை, இதுல சைக்கிளா?" மாதத்தில் ஒரு அரை நாள் கேட்கிறேன், அவ்வளவுதான். அந்த அரை நாளை நம் செல்போன் தினந்தோறும் தின்றுகொண்டுதான் இருக்கிறது.

என் பெஞ்ச் நண்பன் இன்னும் ஒரு பயணத்துக்கும் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் போன வாரம், "அடுத்தது எங்கடா?" என்று கேட்டான். நார்த்தாமலை என்றேன். "கேரியர்ல உக்காந்து வந்தா ஒத்துக்குவீங்களா?" என்றான்.

ஒத்துக்கொள்வோம்டா. கேரியரைத் துடைத்து வைத்திருக்கிறேன். மிதிக்கிறது நான், பார்க்கிறது நீ. மேடு வந்தா மட்டும் இறங்கிக்கோ!

நண்பர்களே, திண்ணையில் கிடக்கும் சைக்கிளுக்கு இன்று சாயங்காலம் காற்று அடித்துப் பாருங்கள். செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கல்லூரி வாசலில் சந்திப்போம்.

எதற்கு என்று வீட்டில் கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்… 'சும்மா!'